காலேஜிலும் மேல் பந்தி, கீழ்ப் பந்தியா?

"ஆனர்ஸ்" என்கின்ற வார்த்தைக்குக் கௌரவம் என்று அர்த்தம். அமெரிக்கா தேசத்துக் காலேஜுகளிலே பட்டப் படிப்புக்கு வருகின்ற பிள்ளைகளுக்குள் சிலரை மாத்திரம் பொறுக்கியெடுத்து, அவர்களுக்கென்று சிறு வகுப்புகளும், நல்ல புரொபசர்களும், யோசனை சொல்லத் தனி ஆட்களும், உபகாரச் சம்பளமும் வைத்து நடத்துகின்ற படிப்புக்கு "ஆனர்ஸ் படிப்பு" என்று பேர். சரி, 100 பிள்ளைகள் இருக்கின்ற இடத்தில் 5 பேர் படிப்பது கௌரவப் படிப்பு என்றால், மீதி 95 பேர் படிக்கின்ற படிப்புக்கு என்ன பேர் என்று கேட்கின்றோம். அதற்கு ஒருவரும் பேர் வைக்கவில்லை. வைக்காவிட்டாலும் அந்த 95 பேருக்கும் அது என்னவென்று தெரியும். கல்யாண வீட்டில் உள்கூடத்தில் ஒரு பந்தியும் வெளிப் பந்தலில் ஒரு பந்தியும் போட்டால், வெளியில் உட்கார்ந்தவனுக்கு யாரும் வந்து "நீ கீழானவன்" என்று சொல்ல வேண்டியதில்லை. இலையைப் பார்த்தாலே போதும்.

இதை வைத்துக்கொண்டு, ஆனர்ஸ் படிப்பு கெட்ட படிப்பு என்று நாம் சொல்ல வருவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அது நல்ல படிப்பு. மிகவும் நல்ல படிப்பு. அதனால்தான் நமக்கு இந்த ஆத்திரம். கெட்ட சரக்கைச் சிலருக்கு மாத்திரம் கொடுத்திருந்தால் அவர்கள் பாடு என்று விட்டிருப்போம்.

இந்தப் படிப்பு எப்படிப்பட்டது?

சாதாரணமாய்க் காலேஜில் என்ன நடக்கின்றது? சரித்திரம் படிப்பவன் சரித்திரம் மாத்திரம் படிக்கிறான். ரசாயனம் படிப்பவன் ரசாயனம் மாத்திரம் படிக்கிறான். 200 பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஒருவர் வாசிப்பார், பிள்ளைகள் எழுதிக்கொள்ளுவார்கள், பரீட்சையில் அதையே திருப்பி எழுதுவார்கள். ஆனர்ஸ் வகுப்பிலோ 15 பேர், 20 பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு பல சாஸ்திரங்களின் பக்கத்திலிருந்தும் அதைக் கேள்வி கேட்கிறார்கள். உபாத்தியாயர் சொன்னார் என்பதற்காக ஒப்புக்கொள்ளுவதில்லை. காரணம் கேட்கிறார்கள், ஆதாரம் கேட்கிறார்கள்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் நம் கிராமத்துக் கிணறு ஒன்றை நினைத்துப் பாருங்கள். வருஷா வருஷம் கோடையில் அந்த ஊரில் காலரா வருகின்றது என்று வைத்துக்கொள்ளுவோம். வைத்தியம் படித்தவன் தண்ணீரில் கிருமி இருக்கின்றது என்பான். இன்ஜினீயர் படித்தவன் சாக்கடை மட்டம் கிணற்று மட்டத்துக்கு மேலே இருக்கின்றது என்பான். பொருளாதாரம் படித்தவன் புதுக் கிணற்றுக்கு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்று கேட்பான். சரித்திரம் படித்தவன் நல்ல கிணறு எந்தத் தெருவில் இருக்கின்றது, அதில் யார் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று வைத்தார்கள் என்று கேட்பான். பூசாரியோ மாரியம்மாளுக்குக் கோபம் என்பான். இந்த நாலு படிப்பாளிகளும் தனித்தனியே நின்றால் ஆளுக்கொரு துண்டுதான் தெரியும், பூசாரி ஜெயித்துவிடுவான். நாலு கேள்வியையும் ஒன்றாய்ச் சேர்த்துக் கேட்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தால், காலராவும் ஒழியும்; பூசாரியின் பிழைப்பும் ஒழியும்.

இதுதான் பல துறைகளையும் சேர்த்துப் படிக்கும் படிப்பின் பிரயோஜனம். இப்படிப்பட்ட படிப்பு ஊருக்கு ஒருவனுக்குப் போதுமா, எல்லோருக்கும் வேண்டுமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கௌரவம் முடிவிலா, துவக்கத்திலா?

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு பரவுவதற்குப் பெரிதும் காரணமாயிருந்தவர் பென்சில்வேனியாவிலுள்ள ஸ்வார்த்மோர் காலேஜின் தலைவராயிருந்த பிராங்க் ஐடலட் என்பவர். அவர் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் படித்தவர். அங்கே கண்டதை வைத்து 1922-ம் வருஷத்தில் ஸ்வார்த்மோரில் ஆனர்ஸ் வகுப்புகளை ஆரம்பித்தார். அதில் ஒரு யோக்கியமான ஏற்பாடு இருந்தது. கடைசி இரண்டு வருஷம் சிறு சிறு கூட்டமாய் உட்கார்ந்து படித்தவர்களை, முடிவில் அந்தக் காலேஜைச் சேராத வெளி ஆட்கள் வந்து பரீட்சை செய்வார்கள். அவர்கள் பார்த்து இவன் கௌரவத்துக்குரியவன் என்று சொன்னால் கௌரவம், இல்லாவிட்டால் இல்லை. அதாவது, கௌரவம் என்பது வேலை செய்து முடித்த பிறகு வாங்குகின்ற கூலி.

பிறகு ஏற்பட்ட ஆனர்ஸ் காலேஜுகள் பலவற்றில் நடப்பது என்ன? பிள்ளை காலேஜ் வாசற்படியை மிதிப்பதற்கு முன்னாலேயே, 17 வயதில், ஹைஸ்கூல் மார்க்கைப் பார்த்து, "நீ கௌரவப் பிள்ளை" என்று நெற்றியில் எழுதிவிடுகிறார்கள். காலேஜில் அவன் இன்னும் ஒரு பாடமும் படிக்கவில்லை. ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. ஆனாலும் கௌரவம் வந்துவிட்டது! வேலைக்கு முன்னே கௌரவம் கொடுக்கும் வழக்கத்தை நாம் வேறு எங்கேயோ பார்த்திருக்கின்றோம் அல்லவா? பிறந்தவுடனேயே உயர்ந்தவன் என்று சொல்லுகின்ற வழக்கத்துக்கும் இதற்கும் 17 வருஷந்தான் வித்தியாசம்.

நியூயார்க்கு நகரத்துச் சங்கதி

வெறும் வாதமாகப் பேசாமல், நடந்த ஒரு சங்கதியையே எடுத்துக்கொள்ளுவோம். நியூயார்க்கு நகரத்தில் 1847-ம் வருஷத்தில், டௌன்சென்ட் ஹாரிஸ் என்கின்ற வியாபாரியின் முயற்சியால், ஏழைப் பிள்ளைகளும் படிக்கும்படியாக "பிரீ அகாடமி", அதாவது இலவசக் கலாசாலை என்று ஒன்று ஏற்பட்டது. அதுவே பின்னால் சிட்டி காலேஜ் ஆயிற்று. ஹண்டர் காலேஜ், புரூக்ளின் காலேஜ், குயீன்ஸ் காலேஜ் என்று மேலும் பல ஏற்பட்டு, 1961-ல் எல்லாம் சேர்ந்து நியூயார்க்கு நகர சர்வகலாசாலை என்று ஆயின. அங்கே பகல் வகுப்பில் சேர்ந்த நகரத்துப் பிள்ளைகள் படிப்புக்குச் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. போலியோ என்னும் இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து கண்ட ஜோனாஸ் சால்க் அப்படிப் படித்தவர்தான். பிழைக்க வந்த யூதர்களின் குடும்பத்தில் பிறந்தவர் அவர்.

ஆனால் இந்த இலவசத்திலும் ஒரு வேலி இருந்தது. நாளாக ஆக, உள்ளே நுழைவதற்கு வேண்டிய மார்க்கை உயர்த்திக்கொண்டே போனார்கள். சிட்டி காலேஜ் இருப்பது ஹார்லெம் என்கின்ற இடத்தில் ஒரு குன்றின்மேல். குன்றைச் சுற்றிலும் கருப்பர்கள் வாசம். குன்றின்மேல் படித்தவர்களோ மிகப் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். கருப்பனுடைய வரிப்பணமும் சேர்ந்துதான் அந்தக் கட்டடம் நிற்கின்றது. ஆனால் அவன் பிள்ளை அதை அண்ணாந்து பார்க்கலாம், ஏறக் கூடாது.

1969-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அங்கிருந்த சொற்பக் கருப்பு மாணவர்களும், போர்ட்டோ ரிக்கோ தேசத்து வம்ச மாணவர்களும் எழுந்து, காலேஜின் ஒரு பாகத்தை இரண்டு வாரம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 1975-ல் செய்யலாம் என்று அதிகாரிகள் ஒத்திப்போட்டு வைத்திருந்த காரியம் 1970-லேயே நடந்துவிட்டது. நகரத்தில் ஹைஸ்கூல் படிப்பு முடித்த எந்தப் பிள்ளைக்கும் சர்வகலாசாலையில் எங்கேயாவது ஓர் இடம் உண்டு என்று ஏற்பாடாயிற்று. அந்த ஒரே வருஷத்தில் சுமார் 35,000 பேர் புதிதாய் உள்ளே வந்தார்கள்.

வந்து எத்தனை நாள்? ஆறே வருஷம். 1976-ல், நகரத்தின் கஜானாவில் பணமில்லை என்று சொல்லி, 129 வருஷமாய் இருந்த இலவசப் படிப்பை நிறுத்திச் சம்பளம் போட்டார்கள். நகரம் கடனில் மூழ்கியிருந்தது நிஜந்தான். இருந்தாலும், பெரிய யுத்தங்கள் வந்தபோதும், 1930-ம் வருஷங்களில் தேசமே பஞ்சத்தில் கிடந்தபோதும் கொடுக்க முடிந்த இலவசம், கருப்பன் பிள்ளை கூட்டமாய் உள்ளே வந்த ஆறாவது வருஷத்தில் கொடுக்க முடியாமற் போனது ஏன் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு 1999-ல், படிப்பில் பின்தங்கி வந்த பிள்ளைகளுக்கு உதவியாக நாலு வருஷக் காலேஜுகளில் நடந்துவந்த அடிப்படை வகுப்புகளையும் எடுத்துவிடத் தீர்மானமாயிற்று. நுழைவுப் பரீட்சையில் தவறியவன் இரண்டு வருஷக் காலேஜுக்குப் போ என்றார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 2001-ல், அதே சர்வகலாசாலையில் ஆனர்ஸ் காலேஜ் பிறந்தது!

அதில் என்ன கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சம்பளம் கிடையாது. ஒரு லாப்டாப். மியூசியங்களுக்குப் போக அனுமதிச் சீட்டு. வெளியூர் சென்று படிக்கவும் அனுபவம் பெறவும் ஒரு தொகை. யோசனை சொல்லத் தனி ஆள். நியூயார்க்கு நகரத்தையே பாடமாய் வைத்து நாலு சிறு வகுப்புகள்: அதன் கலைகள், அங்கே குடியேறிய ஜனங்கள், அங்குள்ள விஞ்ஞானமும் யந்திரமும், அதன் வருங்காலம். அருமையான படிப்பு. யாருக்கு? இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கின்ற சர்வகலாசாலையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 500 பேருக்கு. எல்லோருக்கும் உரிமையாயிருந்த இலவசத்தை 1976-ல் பிடுங்கிக்கொண்டு, 25 வருஷம் கழித்து அதையே சிலருக்குக் கௌரவம் என்று பேர் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். கருப்பர், ஸ்பானிய பாஷை பேசுவோர் ஆகியவர்களின் பிள்ளைகள் மொத்த சர்வகலாசாலையில் இருக்கின்ற விகிதத்துக்கு இந்த ஆனர்ஸ் காலேஜில் மிகவும் குறைவு என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

2006-ல் வில்லியம் மெக்காலே என்கின்ற தனவந்தர் 3 கோடி டாலர் கொடுத்தார். அந்த ஆனர்ஸ் காலேஜுக்கு அவர் பேரையே வைத்தார்கள். அவர் 1966-ல் சிட்டி காலேஜில் பட்டம் வாங்கியவர். அதாவது சம்பளம் வாங்காத காலத்தில் படித்தவர். நன்றியோடு கொடுத்த அவரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் பிள்ளையாயிருந்தபோது பெற்றது உரிமை. இன்றைய பிள்ளைகள் பெறுவது பரிசு. உரிமையைப் பெற்றவன் யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை.

இவர் வேறு மெக்காலே. ஆனாலும் அந்தப் பேரைக் கேட்டவுடன் நம்மவர்களுக்கு 1835-ல் இந்தியாவுக்குக் கல்வித் திட்டம் எழுதிய மெக்காலே பிரபு ஞாபகத்துக்கு வருவார். மேலே உள்ள சிலருக்குப் படிப்பை ஊற்றினால் அவர்கள் மூலமாய்க் கீழே உள்ளவர்களுக்கு வடியும் என்பது அந்தக் காலத்துச் சித்தாந்தம். வடிந்ததா? 1951-ம் வருஷத்து ஜனக்கணக்கில் இந்தியாவில் 100-க்கு 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. 116 வருஷம் ஊற்றியும் வடிந்த அழகு இவ்வளவு!

"தகுதி" என்னும் பூட்டு

இப்படிச் சொன்னால் உடனே சிலர், "ஐயா, இது பிறப்பைப் பார்த்துக் கொடுக்கவில்லையே, தகுதியைப் பார்த்துத்தானே கொடுக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கின்றோம்.

17 வயதுப் பிள்ளையின் மார்க்கு என்பது என்ன? அவன் மூளை மாத்திரமா? அவன் தகப்பன் படித்தவனா, வீட்டில் விளக்கும் புஸ்தகமும் இருந்ததா, பள்ளிக்கூடம் நல்லதா, சாயங்காலம் அவன் படித்தானா அல்லது கடையில் வேலை செய்தானா என்கின்ற எல்லாம் சேர்ந்ததுதான் மார்க்கு. ஏரிப் பாய்ச்சல் உள்ள வயலையும் வானம் பார்த்த வயலையும் ஒரே நாளில் அறுத்து அளந்து பார்த்து, விளைவு குறைந்த வயலுக்கு அடுத்த வருஷமும் தண்ணீர் கிடையாது என்று சொல்லுகின்றவனை விவசாயி என்பீர்களா?

மார்க்கு ஆளைக் காட்டாது என்பதற்கு அந்தச் சிட்டி காலேஜிலேயே சாட்சி உண்டு. ஜமெய்க்காவிலிருந்து பிழைக்க வந்த பெற்றோரின் மகன் காலின் பவல் 1958-ல் அங்கே பட்டம் வாங்கினார். வாங்கிய மார்க்கு சுமார்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னால் அவர் அந்தத் தேசத்துச் சேனைகளுக்கெல்லாம் தலைமை அதிகாரியாகவும், வெளிநாட்டு மந்திரியாகவும் ஆனார். அவர் நடத்திய யுத்தம் சரியா, தப்பா என்பது வேறு விஷயம். ஆனர்ஸ் பொறுக்குகின்றவர்கள் அன்றைக்கு இருந்திருந்தால் அவரைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதே நாம் சொல்லுவது.

இன்னும் ஒரு சாட்சி. அங்கே மீனா ஷாக்னெஸி என்கின்ற அம்மையார், கதவு திறந்த பிறகு வந்த பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தார். பிழை மலிந்த சுமார் 4,000 கட்டுரைகளை "மக்குகள்" என்று குப்பையில் போடாமல் உட்கார்ந்து ஆராய்ந்தார். அந்தப் பிழைகள் மூளைக் குறைவால் வந்தவையல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் ஒரு முறையும் உண்டு என்று 1977-ல் ஒரு புஸ்தகமே எழுதினார். இதல்லவோ பகுத்தறிவு! பிழையைக் கண்டால் காரணம் தேடுவது ஆராய்ச்சிக்காரன் வேலை. தலையெழுத்து என்று தள்ளுவது புரோகிதன் வேலை.

கதவு திறந்தபோது வந்த பெண்களைப் பற்றி, பால் அட்டவெல், டேவிட் லேவின் என்கின்ற இருவர் 30 வருஷம் கழித்துத் தேடிப் பார்த்து 2007-ல் எழுதினார்கள். அந்தப் பெண்களில் 100-க்கு 70-க்கு மேற்பட்டவர்கள் எப்படியோ பட்டம் வாங்கியிருந்தார்கள். சிலருக்கு நாலு வருஷத்துக்குப் பதில் பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை பெற்றுக்கொண்டும், வேலை செய்துகொண்டும் படித்தால் ஆகத்தானே செய்யும்? அவர்கள் பெற்ற பிள்ளைகளும் படிப்பில் முன்னுக்கு வந்தார்கள். தாய்க்குத் திறந்த கதவு மகளுக்கும் திறந்தது.

பணம் இல்லையா, மனம் இல்லையா?

"சரி, எல்லோருக்கும் கொடுக்கப் பணம் எங்கே?" என்பது அடுத்த கேள்வி. இதற்கும் அந்த சர்வகலாசாலையே பதில் சொல்லியிருக்கின்றது. 2007-ல் அதன் இரண்டு வருஷக் காலேஜுகளில் "ஏசாப்" என்கின்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். ஆனர்ஸ் பிள்ளைக்குக் கொடுப்பது போலவே, உபகாரச் சம்பளம் போக மீதி நின்ற சம்பளத்தைத் தள்ளிக் கொடுத்தார்கள், புஸ்தகம் கொடுத்தார்கள், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சீட்டுக் கொடுத்தார்கள், அடிக்கடி பார்த்து யோசனை சொல்ல ஆள் வைத்தார்கள். ஆனால் கொடுத்தது முதல் மார்க்குப் பிள்ளைகளுக்கல்ல; அடிப்படைப் பாடத்திலேயே பின்தங்கிய ஏழைப் பிள்ளைகளுக்கு.

அதன் பலனை நிச்சயமாய் அறிவதற்காக 896 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டு கூறாய்ப் பிரித்து, ஒரு கூறுக்கு இந்த உதவியும் மற்றக் கூறுக்குச் சாதாரண ஏற்பாடும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் சாதாரண ஏற்பாட்டில் படித்தவர்களில் 100-க்கு 22 பேர் பட்டம் வாங்கினார்கள். உதவி பெற்றவர்களில் 40 பேர் வாங்கினார்கள். இரண்டு கூறும் ஒரே மாதிரிப் பிள்ளைகள். ஒரே மாதிரி வறுமை. வித்தியாசம் பிள்ளைகளிடத்தில் இல்லை, கொடுத்ததில் இருந்தது. அன்றியும், ஒரு பிள்ளைக்கு ஆன செலவு அதிகமானாலும், பட்டம் வாங்கியவர்களின் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கானபடியால், ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது என்றும் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். பாதிப் பிள்ளைகள் நடுவில் நின்றுபோவதற்குச் செலவழிக்கின்ற பணந்தான் வீண் பணம்.

"ஏழைகளுக்குத்தான் சர்க்கார் உபகாரச் சம்பளம் இருக்கின்றதே?" என்பார்கள். இருக்கின்றது. அதற்கு ஏழைப் பிள்ளை விண்ணப்பம் போட்டுத் தன் வறுமையை ருஜுப் படுத்த வேண்டும். ஆனர்ஸ் பிள்ளையோ தன் பெருமையை ருஜுப் படுத்தி வாங்குகிறான். ஒரே காலேஜில், ஒரே சம்பளத் தள்ளுபடியை ஒருவன் கூனிக்கொண்டும் ஒருவன் நிமிர்ந்தும் வாங்கும்படி செய்வது எந்த ஊர் நியாயம்?

"கெட்டிக்காரப் பிள்ளை மற்றவர்களோடு கலந்தால் கெட்டுப்போவானே?" என்று பெற்றோர் சிலர் பயப்படுகிறார்கள். கிணற்றைப் பற்றிய கேள்வி அந்த வகுப்பில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல் துரத்தப்பட்டவன் பிள்ளை அங்கே இல்லாவிட்டால், மற்றவர்கள் அதைப் பற்றி என்ன தெரிந்து பேசப் போகிறார்கள்? பல சாஸ்திரங்களைக் கலப்பது நல்லதென்றால் பல தரத்து மனிதர்களைக் கலப்பது மாத்திரம் கெட்டதா?

நம் தேசத்துக்கும் வந்துவிட்டது

"அமெரிக்காக்காரன் எப்படிப் போனால் நமக்கென்ன?" என்று இருந்துவிடுவதற்கில்லை. இந்திய சர்க்கார் 2020-ல் வெளியிட்ட தேசியக் கல்விக் கொள்கை, பல துறைகளையும் கலந்த நாலு வருஷப் பட்டப் படிப்பை முன்னே வைத்தது. 2022 டிசம்பரில் சர்வகலாசாலை மானியக் குழு அதற்கு வகுத்த அமைப்பைப் பாருங்கள். ஒரு வருஷத்தில் நின்றால் சர்டிபிகேட். இரண்டு வருஷத்தில் நின்றால் டிப்ளமா. மூன்று வருஷத்தில் பட்டம். நாலு வருஷத்தில் ஆனர்ஸ் பட்டம். அந்த நாலாவது வருஷத்தில் ஆராய்ச்சி செய்து, ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ் வாங்க வேண்டுமானால் முதல் மூன்று வருஷத்தில் 100-க்கு 75 மார்க்கு வேண்டும்.

பல துறைகளைக் கலந்து படிக்கட்டும், நமக்குச் சந்தோஷமே. ஆனால் நாலு மாடி கட்டி, ஒவ்வொரு மாடியிலும் வெளியே போக ஒரு வாசல் வைத்திருக்கிறார்களே, எந்த மாடியில் யார் இறங்குவார்கள்? வக்கீல் வீட்டுப் பிள்ளை முதல் வருஷத்தில் இறங்குவானா? தறி நெய்கிறவன் மகனும், கூலிக்காரி மகளும், வீட்டிலே முதன் முதலாய்க் காலேஜுக்கு வந்த பிள்ளையும் அல்லவா இறங்குவார்கள்? "நின்றவர்கள் மூன்று வருஷத்துக்குள் திரும்பி வரலாம்" என்கிறார்கள். தகப்பனுக்கு வியாதி என்று வேலைக்குப் போனவனும், கல்யாணம் செய்து அனுப்பப்பட்ட பெண்ணும் திரும்பி வந்து படிப்பதற்கு வழி என்ன, பணம் என்ன, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் யார் என்பதையும் அல்லவா கூடச் சொல்ல வேண்டும்?

ஆராய்ச்சி என்பது ஏன், எப்படி என்று கேட்பது. அதற்கு 75 மார்க்கு என்று ஒரு பூட்டு! கேள்வி கேட்கும் உரிமையைச் சிலருக்கு மாத்திரம் வைத்து, மற்றவர்கள் சொன்னதைச் செய்ய வேண்டும் என்று வைத்த ஏற்பாட்டில்தான் இந்த நாடு ஆயிரக்கணக்கான வருஷம் கிடந்தது. அன்று காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று சாஸ்திரம் சொல்லிற்று. இன்று யாரும் ஈயம் காய்ச்சுவதில்லை. மார்க்குப் பட்டியலைக் காட்டுகிறார்கள். அவ்வளவு முன்னேற்றம்!

செய்ய வேண்டியது என்ன?

ஆனர்ஸ் வகுப்புகளை மூட வேண்டும் என்பது நம் கட்சியல்ல. உள்கூடத்துப் பந்தியைக் கலைத்துவிட்டு எல்லோரும் பட்டினி கிடப்பதில் யாருக்கு லாபம்? இரண்டு பந்தியையும் ஒரு பந்தியாக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

முதலாவது, காலேஜுக்கு வருகின்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் வருஷத்திலேயே, சிறு கூட்டமாய் உட்கார்ந்து பல துறைகளிலிருந்தும் ஒரு விஷயத்தைக் கேள்வி கேட்கும் வகுப்பு ஒன்றாவது இருக்க வேண்டும். நல்ல புரொபசர்கள் கடைசி வருஷத்துக் கெட்டிக்காரர்களுக்காகக் காத்திராமல் முதல் வருஷத்துக்கு வரட்டும். பலமுள்ள செடிக்கு மேலும் எரு கொட்டுவதில் என்ன சாமர்த்தியம் இருக்கின்றது?

இரண்டாவது, அதற்கு மேற்பட்ட கஷ்டமான வகுப்புகளுக்கு, மனமுவந்து கேட்டவர்கள் எல்லோரும் வரலாம் என்று வைக்க வேண்டும். இடம் போதாவிட்டால் சீட்டுக் குலுக்கிப் போடட்டும். உழைக்க முடியாதவன் தானே நின்றுகொள்ளுவான். முதலில் பொறுக்கித் தள்ளுவதைவிட, முடிவில் பார்த்துக் கௌரவம் கொடுப்பது யோக்கியமான காரியம்.

மூன்றாவது, சம்பளத் தள்ளுபடி, புஸ்தகம், பஸ் சீட்டு, யோசனை சொல்லும் ஆள் ஆகிய இவைகளைப் பரிசு என்று வைக்காமல் படிக்க வருகின்றவனுக்கு உள்ள பாத்தியதை என்று வைக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை காலேஜில் சேரும்போது, "எத்தனை மார்க்குக்கு இடம் கொடுக்கிறீர்கள்?" என்று மாத்திரம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். "இங்கே கடைசி மார்க்கு வாங்கிய பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அந்தப் பிள்ளை கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். எந்தக் காலேஜ் அதற்கு நேராய்ப் பதில் சொல்லுகின்றதோ, அந்தக் காலேஜுக்குக் கௌரவம் என்கின்ற பேர் தகும். மற்றக் காலேஜுகள் வாசலில் என்ன பலகை மாட்டிக்கொண்டாலும், அவை நடத்துவது இரட்டைப் பந்திதான் என்பதை ஊரறியச் சொல்லுவதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.